சிஸ்டரின் சுண்டுவிரல்

எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர்களில் அவரைப் போலக் கூசாமல் பொய் சொன்னவர் வேறு யாரும் கிடையாது. கல்யாணத் தரகரையும் கிரைண்டர் ரிப்பேர்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு பெயர் சொன்னார், அத்தையிடம் வேறொரு பெயர் சொன்னார். இரண்டு பெயர்களும் ஒத்துப்போகாததால் 'சிஸ்டர்' என்பதிலேயே நின்றுவிட்டோம். திருவனந்தபுரத்தில் ஒரு பெண் கொஞ்ச காலம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டால் பிறகு ஆயுள் முழுக்க சிஸ்டர்தான். என் போனில் இன்றைக்கும் 'பால் சிஸ்டர்' என்றுதான் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெயரை அழிக்கத்தான் மனம் வரவில்லை.

பிரசவமாகி வீடு திரும்பிய பெண்களின் வீட்டுக்கே வந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்லித் தருவது அவர் வேலை. பல வருஷம் பிரசவ வார்டில் இருந்தவர், அதற்கென்று தனியாகப் பயிற்சியும் எடுத்தவர். என் கணவரோடு கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர்தான் நம்பரைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் அதை என்னிடம் சொல்லவில்லை.

தலைப்பிரசவத்துக்கு நான் நாகர்கோவிலில் அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி அப்போதுதான் நடந்து பழகிக்கொண்டிருந்தார். அதனால் வலியசாலையில் கணவர் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அத்தை நல்லவர். மாமாவும் நல்லவர். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் அழுவதற்குக்கூட இடம் கிடைக்காது.

குழந்தை மார்பில் வாய் வைத்து நாலு சப்பு சப்பும், தூங்கிவிடும். தொட்டிலில் போட்டால் அலறும். எனக்குக் காம்பு வெடித்து, துணி பட்டாலே கால்விரல்கள் மடங்கின. நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். எதையும் படித்துத் தயாராகிச் செய்து பழக்கம். தாய்ப்பால் பற்றிப் படிக்காத பக்கமில்லை. எந்தப் பக்கம் எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ள போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். அது அவ்வப்போது மணியடித்து என்னைத் திட்டும்.

சிஸ்டர் முதல்முறை வந்தது நல்ல மழையில். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, சொட்டச் சொட்ட ரெயின்கோட்டைக் கழற்றி, சாமி படத்துக்குக் கீழேயிருந்த ஆணியில் மாட்டினார். அது மாமா பூக்கூடை மாட்டுகிற ஆணி. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரின் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். துண்டை அவர் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"முதல்ல எனக்கு எந்தெங்கிலும் திங்கத் தா. பின்னே உன் பிள்ளைக்குத் தரலாம்" என்றார்.

அத்தை உளுந்துவடை கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டில் சைவம்தான் என்று சொன்னார். தானும் சைவம்தான் என்றார் சிஸ்டர். மீன் வாசனை பட்டாலே தலைசுற்றும் என்றும் சொன்னார். ஜன்னல் வழியாக எனக்கு ஸ்கூட்டர் தெரிந்தது. முன்கொக்கியில் தொங்கிய நைலான் பையிலிருந்து நெத்திலி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டரின் வீடு விழிஞ்ஞத்தில்.

சாப்பிட்டு முடித்ததும் குழந்தையைத் தூக்கி, "என்ன மேடம், ஸ்டாஃப் சரியில்லையா?" என்று அதனிடம் விசாரித்தார். பிறகு என் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "ரெண்டு பிள்ளைக்குக் காணும் பால் இருக்கு, தாராளமாப் போதும்" என்று அறிவித்தார். உடனே, அறையில் தாயும் பிள்ளையும் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"எந்த டாக்டர் சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"உனக்கு எந்த டாக்டர் வேணும்?"

கதவு சாத்தியதும் அவர் குரல் மாறியது. பேச்சும் மாறியது. வெளியே 'மார்பு' என்றவர் உள்ளே வந்ததும் 'முலை' என்றார். நான் நெளிந்தேன். அது முலைதானே, அதற்கு ஏன் பட்டுப்புடவை கட்டுகிறாய் என்று கேட்டார். மிச்சமிருந்த ஒரு வடையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நீ வடை தின்னும்போ ஓட்டையை மட்டும் நக்குவியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "உன் மோள் அதைத்தான் செய்யுது. நடுவுல மட்டும் சப்புது. வாய் நிறையக் கடிக்கணும். கீழ்த்தாடை முதல்ல."

குழந்தையின் வாய் கொட்டாவி விடுகிற மாதிரித் திறக்கும் வரை காத்திருந்து, ஒரே அசைவில் அதை என்னோடு சேர்த்தார். கால்விரல்கள் மடங்கவில்லை. நான் ஆச்சரியத்தில் காலைப் பார்த்தேன். சிஸ்டர் அதற்குள் என் போனை எடுத்து அந்த ஆப்பை அழித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு கைத்திறமை உள்ளவருக்குப் பொய் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. குழந்தைத் துணியை அப்பா தன் கையால் துவைத்து மடித்தால் தாய்க்கு நன்றாகப் பால் சுரக்கும், இது வெளிநாட்டில் நிரூபித்த விஷயம் என்று என் கணவரிடம் சொன்னார். எல்லாவற்றையும் கூகிளில் சரிபார்க்கும் மனிதர், இதைச் சரிபார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளை பெற்றவள் தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்று அத்தை எனக்கு அளந்துதான் ஊற்றுவார். சிஸ்டர் பெரிய ஜக்கில் தண்ணீர் நிரப்பி, மாமா கடைச் சுக்கை ஒரு துண்டு தட்டிப் போட்டு, இது தண்ணீரே இல்லை, கஷாயம் என்றார். சொந்தக் கடைச் சுக்கை அத்தையால் குறை சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "பிள்ளை ரொம்ப மெலிஞ்சிருக்கே" என்று ஆரம்பித்தபோது, சிஸ்டர், எனக்கு ஏதோ சொறி, தொட்டால் ஒட்டும் என்று தாழ்ந்த குரலில் சொல்லி அவரை வாசலோடு அனுப்பினார். அந்த மாமி இன்றும் கோவிலில் என்னைக் கண்டால் ஓரடி தள்ளித்தான் நிற்கிறார்.

ஒவ்வொரு பொய்க்கும் நான் அத்தையின் முகத்தைப் பார்ப்பேன். கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். கண்டுபிடிக்காவிட்டால் அதைவிட மோசம் என்றும் தோன்றும்.

இப்படி இருக்கும்போது, பிறந்ததும் போடாமல் விட்டிருந்த தடுப்பூசிக்கு எடுத்துப் போன இடத்தில் குழந்தையின் எடை கூடவில்லை என்றார்கள். பிறந்த அன்று இருந்த எடையைக்கூட இன்னும் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை மெதுவாக, "பால் காணாது மக்களே. அதுக்கு நீ என்ன செய்வே? எனக்கும்தான் காணல. உன் மாப்பிள்ளை டின்பால் குடிச்சுத்தான் இவ்ளோ வளர்ந்தான்" என்றார். அன்று மாலையே ஒரு பால்பொடி டின் வந்து பிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. நான் எந்த அறைக்குப் போனாலும் அது தெரிகிற மாதிரியே இருந்தது.

மாமா வேறு வழியில் உதவ நினைத்தார். சாலைக் கடைத்தெருவில் அவருக்கு மலஞ்சரக்குக் கடை. மிளகு, சுக்கு, ஏலக்காய், ஜாதிக்காய். வாழ்நாள் முழுக்க எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் நம்பியவர். கடையிலிருந்த எலக்ட்ரானிக் தராசைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பால் குடிப்பதற்கு முன்னால் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை. வித்தியாசம்தான் பால். கணக்கு சரிதான் என்று நானும் நினைத்தேன். ஆடிட்டர் ஆபீஸ் மூளை வேறு எப்படி நினைக்கும்?

தட்டில் ஏலக்காய் வாசனை போகவே இல்லை. குழந்தை அதில் படுத்ததும் தும்மும், தும்மினால் எண் குதிக்கும். ஒருமுறை குடித்த பிறகு எடை குறைந்தே போயிருந்தது. நடுவில் ஒன்றுக்குப் போனதில் துணியை மாற்றியிருந்தேன். "நட்டம்" என்றார் மாமா, தன்னையறியாமல். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தராசு வந்த பிறகு எனக்கு மார்பில் பால் இறங்குவதும் நின்றதுபோல இருந்தது. கடையில் பில் போடுவதற்காக நிற்கிறவள் மாதிரி ஒவ்வொரு முறையும் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

சிஸ்டர் வந்த அன்று அத்தை டின்னைக் கீழே இறக்கி, மூடியைத் திறக்கக் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் தராசைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆஹா, அண்ணாச்சி நல்ல சாதனம் கொண்டுவந்திருக்காங்களே" என்று மாமாவைப் பாராட்டினார். குழந்தையை எடை போட்டார். உள்ளே கூட்டிவந்து பால் கொடுக்க வைத்தார். திரும்ப மேஜைக்குக் கொண்டுவந்து துணியோடு தட்டில் கிடத்தினார்.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய் நின்றது. என் கணவர் கைதட்டினார். அத்தை கரண்டியை வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கண்டோ அக்கா? டின்னு அங்கேயே இருக்கட்டும், ஒரு ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றார் சிஸ்டர்.

நான் அவருக்கு இடதுபக்கம் நின்றிருந்தேன். துணிக்கு அடியில், தட்டின் ஓரத்தில், அவருடைய சுண்டுவிரல் அழுத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் சந்தோஷமாக இல்லாத ஒரே ஆள் நான்தான். அத்தை பாயசம் வைத்தார். நான் அதைக் குடித்துக்கொண்டே, இவ்வளவு பேரிடம் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவர் என்னிடம் மட்டும் ஏன் உண்மை சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்தேன். ரெண்டு பிள்ளைக்குக் காணும் பால். அதை நம்பித்தான் நான் அந்த டின்னை எதிர்த்துக்கொண்டிருந்தேன். என் பிடிவாதத்தில் பிள்ளை பட்டினி கிடக்கிறதோ?

மறுநாள் அவர் வந்ததும், கதவை நானே சாத்தினேன். விரலைப் பார்த்தேன் என்றேன். கெஞ்சுகிற குரலில்தான் சொல்ல முடிந்தது. சிஸ்டருக்கு முகம்கூட மாறவில்லை.

"அது ஏலக்காய்த் தராசு மோளே. அதுல என்ன சத்தியம் இருக்கு? பிள்ளை தும்மினா ஒரு கணக்கு, மூத்திரம் போனா ஒரு கணக்கு. உங்க அத்தை டின்னைத் திறந்துட்டு, உன்னை மூலையில உட்கார வெச்சிருப்பாங்க. எனக்கு ரெண்டு நாள் வேணும். எடுத்தேன்."

"அப்போ என்கிட்ட சொன்னது? பால் நிறைய இருக்குன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

"அது கதவு திறந்திருக்கும்போ சொன்னது. கதவு திறந்திருக்கும்போ நான் சொல்றதை நீ எதுக்குக் கேக்கிறே?"

பிறகு தன் பையைத் திறந்து கொக்கித் தராசு ஒன்றை வெளியே எடுத்தார். குழந்தையின் உடைகளைக் கழற்றி, மெல்லிய துணித் தூளியில் கிடத்தி, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, இன்னொரு கையைத் தூளியில் படாமல் எட்டவே பிடித்துத் தூக்கினார். அது வரும்போதெல்லாம் அவர் செய்துவந்ததுதான். உடம்பைப் பார்க்கிறேன் என்பார், நான் என் வலியிலேயே இருந்ததால் கவனித்ததில்லை. நேற்று எவ்வளவு, அதற்கு முன் எவ்வளவு என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அன்று குழந்தையிடம், அவருடைய மேடத்திடம், ஒரு கிண்டலும் பேசவில்லை. அவர் சும்மா இருப்பதை நான் பார்த்தது அப்போதுதான்.

"காணாது மோளே" என்றார். "இப்போதைக்குக் காணாது. பிள்ளை இப்போ நல்லாக் குடிக்குது, அது சரியாச்சு. ஆனா முதல் ஆழ்ச்ச முழுக்க, ஏழு நாளும், ஓட்டையை நக்கிட்டு இருந்ததுல, உன் முலை இவ்ளோதான் தேவைன்னு நினைச்சுப் போச்சு. அதுக்குப் புத்தி வரக் கொஞ்ச நாள் ஆகும். அது வரைக்கும் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது. டின்பால் கொடுக்கணும்."

நான் அழுதேன். பரீட்சையில் தோற்றவள் மாதிரி இல்லை, பிடிபட்டவள் மாதிரி அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. தன் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இல்ல, இந்த டாக்டர் நெஜமாவே இருக்காரு" என்றார்.

அன்றே போனோம். டாக்டர் குழந்தையை முழுக்கப் பரிசோதித்துவிட்டு, சிஸ்டர் சொன்னதையேதான் சொன்னார். முதலில் மார்பு, பிறகு பிழிந்தெடுத்த பால், அதற்கு மேல் தேவைப்படுவது மட்டும் டின்பால், அதுவும் பாட்டில் வேண்டாம், மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில்.

வீட்டுக்கு வந்ததும் இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாசலிலேயே தயங்கினேன். சிஸ்டர் ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனார்.

"அக்கா, நான் தோத்துப்போனேன்" என்றார். "நீங்க சொன்னதுதான் சரி. அந்த டின்னை எடுங்க."

மருமகளை ஜெயிப்பது ஒன்று. படித்த நர்ஸ் வந்து தோற்றேன் என்று சொல்வது வேறு. அத்தை டின்னை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தார். அப்போது சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, ஒரு ரகசியம் உண்டு, எல்லாரிடமும் சொல்வதில்லை என்றார். இந்த டின்பால் தாயிடம் சப்பின பிள்ளைக்குத்தான் உடம்பில் ஒட்டும். சப்பாத வயிற்றில் விழுந்தால் அவ்வளவும் வாயுவாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் தாயிடம் நன்றாகக் குடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பாலாடையை எடுக்க வேண்டும். இந்தப் பொறுப்பை இந்த வீட்டில் வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. அதனால் நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அத்தை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து என்னைத் தாய்ப்பால் கொடுக்க வைத்தது சிஸ்டர் இல்லை, அத்தைதான். பாலாடையைக் கொதிக்க வைத்துத் துணி போட்டு மூடிவைத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் அலுத்துப்போய்ச் சீக்கிரம் எடுத்தால், "எம்மா, இன்னும் கொஞ்ச நேரம் குடிக்கட்டு. வாயு பிடிச்சா யாரு பாக்கிறது?" என்பார். சுக்குத் தண்ணீரை ஜக்கோடு கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வீட்டு மாமியிடம், டின்பால் என்றால் சும்மா கரைத்து ஊற்றுவதில்லை, அதற்கொரு முறை இருக்கிறது என்று மதிலுக்கு மேல் பாடம் நடத்தினார்.

மாமா தராசைத் திரும்பக் கடைக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, சிஸ்டரும் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். குழந்தையோடு நான் வாசலில் நின்றேன்.

"கடையில தட்டுல விரல் வெக்கிறவனை நான் தூரத்துலேருந்தே பிடிச்சிருவேன்" என்றார் மாமா, தராசைப் பார்த்துக்கொண்டே.

"பிடிச்சீங்களா அண்ணாச்சி?"

"பிடிச்சேன்."

"பின்னே ஏன் மிண்டாம, வாயைத் திறக்காம இருந்தீங்க?"

மாமா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அத்தை பாலாடை கழுவுகிற சத்தம் கேட்டது. "எங்க அம்மை அவளுக்கு இந்த ரெண்டு நாளைக் கொடுக்கல" என்றார். தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழைத்தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போனார். சிஸ்டர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

பாலாடை ஒவ்வொரு நேரமாகக் குறைந்தது. மேடம் பாதி டின்பாலிலேயே வாயை மூடிக்கொண்டு துப்ப ஆரம்பித்தாள். ஒருநாள் சிஸ்டர், "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வாசல் கதவு திறந்திருக்கும்போது சொன்னது என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த தடுப்பூசிக்கு மாமாவும் கூட வந்தார். என்னைவிட அவர்தான் பதற்றமாக இருந்தார். நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தியதும், என் கை தானாகத் தட்டின் ஓரத்துக்குப் போனதைப் பார்த்தேன். துணியைச் சரிசெய்யத்தான் போனது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சட்டென்று இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். எண்கள் ஓடின. நின்றன. நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, நன்றாக ஏறியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் சிஸ்டருக்கு போன் செய்தேன். மாமாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எடையைச் சொன்னேன். அந்தப் பக்கம் மீன் ஏலம் கூவுகிற சத்தமும் கடல்காற்றும் கேட்டன.

"எடை போடும்போ உன் கை எங்கே இருந்தது?"

"பின்னாடி கட்டியிருந்தேன் சிஸ்டர்."

"உங்க மாமா கை?"

நான் மாமாவைப் பார்த்தேன். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் இரண்டு கையையும் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.